பதினான்காம் பிரிவு, உட்பிரிவு இரண்டு

எபேன், ஒன்பதாம் மாடி.
இங்கே சட்டத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறோம்,
கிரியோலில் சண்டை போடுகிறோம்,
மன்னிப்பை மட்டும் பிரெஞ்சில் கேட்கிறோம்.
உன் தமிழ் எங்கே இருக்கிறது என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது:
லாம். வேண்டும். கூடாது.
இந்த மூன்றையும் வைத்து
யோசிக்கிற இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும்,
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்.

மேசையில் இரண்டு கோப்புகள்.

ஒன்று, ரோஸ்பெல் சுபம்மாவினுடையது.
புருஷன் பெயர் கல்யாணப் பதிவில் வையாபுரி,
சாவுப் பதிவில் வயாப்பூரி.
கப்பலிலிருந்து இறங்கிய ஒருவனைப் பெயர் கேட்டு
காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட குமாஸ்தா
செத்து நூற்றைம்பது வருஷம் இருக்கும்.
அவனுடைய பிழை இத்தனை நாள் யாரையும் கடிக்கவில்லை.
ஓய்வூதிய அலுவலகத்தில் ரெமோன் இருந்தவரை
இரண்டு காகிதத்தையும் பார்ப்பார்,
மூக்கால் சிரிப்பார்,
முத்திரை குத்துவார்.
இப்போது அந்த நாற்காலியில் இயந்திரம்.
அதற்கு மூக்கு இல்லை.
இவர் வேறு, அவர் வேறு என்றது.
நான்கு மாதமாகப் பணம் வரவில்லை.
ஏன் என்று சுபம்மா கேட்டாள்.
திரையில் பதில் வந்தது:
உங்கள் கருத்துக்கு நன்றி.

இரண்டாவது கோப்பு, அதே கம்பெனி,
அதே இரண்டு பேர்: கோவிலென், யானிக்.
கார் பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி.
கண்ணின் பின்திரையைப் படம் பிடித்து
சர்க்கரை எங்கே கடித்திருக்கிறது என்று சொல்கிறது.
கூட்லாண்ட்ஸில் ஒரு சனிக்கிழமை
அறுபத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள்.
ஒன்பது பேருக்கு உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது;
ஒருவருக்கும் தெரியாது.
கண் டாக்டரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.
என் வரைவுப்படி
இந்தப் பெட்டி உரிமத்துக்காக இரண்டு வருஷம் காத்திருக்கும்.

கூட்டத்தில் ஒருவர்,
கையைக் கட்டினால் பையன்கள் கிகாலிக்குப் போய்விடுவார்கள் என்றார்.
இன்னொருவர், போகட்டும், சுபம்மா போக முடியுமா என்றார்.
இரண்டு பேரும் சொன்னது சரி.
அதுதான் தொந்தரவு.

பவளப்பாறை மாதிரி என்று ஓரத்தில் எழுதினேன்:
அலையை உடைக்கும், படகுக்கு வாய் விட்டிருக்கும்.
அடித்துவிட்டேன்.
உவமையை எந்த நீதிபதியும் அமல்படுத்த மாட்டார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு
கூட்லாண்ட்ஸுக்கு பஸ் ஏறினேன்.
நான் யார் என்று சொல்லவில்லை.
பெட்டியின் விளிம்பில் தாடையை வைத்தேன்.
பச்சைப் புள்ளியைப் பாருங்கள் என்றான் கோவிலென்,
சட்டைப் பையில் பாதி தின்ற தோல்பூரி.
ஒரு மின்னல்.
இடது கண்ணை டாக்டரிடம் காட்டவும் என்றது பெட்டி.
ஏன், என்றேன்.
சுபம்மாவின் குரல் என் வாயில்.
அவன் திரையை என் பக்கம் திருப்பினான்.
எள்ளளவு சிவப்பு.
இதைப் பார்த்துத்தான் சொல்கிறது.
தப்பாகவும் இருக்கலாம்.
நர்ஸ் ஒருமுறை பார்த்துவிடுவார்.

கிரியோலில்தான் சொன்னான்.
எனக்குள் விழுந்தது அந்த லாம் மட்டும்.
தன் பெட்டிக்கு லாம் போடத் தெரிந்தவன்
ஓய்வூதியப் பெட்டிக்கு ஏன் போடவில்லை?
யாரும் கேட்கவில்லை, அதனால்.
நாங்களும் கேட்கவில்லை.

பஸ்ஸிலேயே எழுதினேன், முழங்காலில் தாளை வைத்து:
செய்து பார்க்கலாம், சின்ன இடத்தில், எண்ணிக் கணக்கு வைத்து.
ஒருவருக்கு இல்லை என்று சொன்னால்
பெயருள்ள ஒரு மனிதர்
பத்து நாளுக்குள்
காரணம் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை குழுவிலிருந்து திரும்பி வந்தது.
பாராட்டு, நாலு காற்புள்ளி, ஒரே ஒரு திருத்தம்:
காரணம் சொல்லலாம்.

நல்ல கண்ணால் மறுபடி பார்த்தேன்.
லாம்தான்.
பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினேன்.
சுபம்மாவுக்கு இன்னும் பணம் போகவில்லை.